சீன ரயில் எப்படி? ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து முதல்முறை குவாங்சோ போகிறவர்களுக்கு

காண்டன் வணிகக் கண்காட்சிக்கும் தோல், ஷூ சரக்கு பார்க்கவும் நம் வேலூர்ப் பக்கத்திலிருந்து தென் சீன நகரமான குவாங்சோ போகிறவர்கள் அங்கிருந்து வேறு ஊர்களுக்கும் போக வேண்டியிருக்கும். குறைந்த செலவில் சுற்ற ரயில்தான் சரி. வண்டி நேரத்துக்குக் கிளம்பும், சுத்தமாக இருக்கும். சிக்கலெல்லாம் ஏறுவதற்கு முன்புதான்.

டிக்கெட்டை ரயில்வேயின் சொந்தச் செயலியான 12306-லேயே எடுங்கள். ஆங்கிலத்திலும் இருக்கிறது. மற்ற செயலிகள் சேவைக் கட்டணம் சேர்க்கும். முன்பதிவு 15 நாளுக்கு முன் திறக்கும். ஆனால் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் ஆகும் என்பதால், கணக்கை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். நம் ஆட்கள் தடுக்கி விழுவது பெயரில். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். செயலி ஏற்காவிட்டால் ஸ்டேஷன் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி எடுக்கலாம்.

பணத்துக்கு யுபிஐ, ரூபே எதையும் நம்ப வேண்டாம். அலிபே என்ற சீனப் பணச் செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டை இணையுங்கள். ஒரு பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வர நம் சிம்மில் ரோமிங் வேண்டும். அந்த ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப்பும் கூகுளும் ஓடும், ஹோட்டல் வைஃபையில் ஓடாது, சீன இணையத்தில் அவை தடை.

குவாங்சோவில் பெரிய ஸ்டேஷன்களே பல. 'குவாங்சோ தெற்கு' என்று டிக்கெட்டில் இருக்க, 'குவாங்சோ'வில் போய் நின்றால் வண்டி போய்விடும். காட்பாடியில் கடைசி நிமிடத்தில் ஓடி ஏறுவதுபோல் அங்கே முடியாது. வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கி கேட் அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் காட்டுங்கள்.

பை சோதனை கடுமை. தோல் வெட்டும் கத்தி, தீப்பற்றும் ஒட்டுப் பசை இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், போனது போனதுதான். சாம்பிளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பவர் பேங்கில் திறன் அச்சிட்டிருக்க வேண்டும், 100 வாட்-அவருக்கு மேல் கூடாது.

குவாங்சோவிலிருந்து பெய்ஜிங் வரை சுமார் 2,300 கிலோமீட்டர். ஜி எண் அதிவேக வண்டி எட்டு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடும். வேகம் குறைந்த இசட், கே எண் வண்டிகளுக்கு ஓர் இரவும் மறுநாளின் பெரும்பகுதியும் வேண்டும். ஆனால் அவற்றின் 'ஹார்டு ஸ்லீப்பர்' கட்டணம் ஏறத்தாழப் பாதிதான், லாட்ஜ் வாடகையும் மிச்சம். பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள், மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் உண்டு. கதவில்லாத அறைக்கு ஆறு படுக்கை. மேல் படுக்கை மலிவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ப் படுக்கையே எடுங்கள். 'ஹார்டு சீட்' இன்னும் மலிவு, இரவுப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

திட்டம் மாறினால் டிக்கெட்டை ரத்து செய்யலாம், கிளம்ப 8 நாளுக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை. 48 மணி நேரத்துக்கு மேல் என்றால் 5%, 24 மணி வரை 10%, அதற்குள் 20%. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் டிக்கெட் கிடைக்காத நாட்கள்.

சாப்பாடுதான் இந்தச் சேவையின் பலவீனம். ரயில் டப்பாச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி சாதாரணம். ஹலால் வேண்டுபவர்கள் வெளியே 'சிங்ஜென்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். சைவர்களுக்கு உடனடி உப்புமா, சேமியா பாக்கெட்டுகள் போதும், பெட்டிக் கோடியில் கொதிநீர் இலவசம். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை மறக்காதீர்கள்.