ஐரோப்பியக் குழுச் சுற்றுலா: உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

கடுமையான உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளையுடன் குழுச் சுற்றுலாவாக ஐரோப்பா செல்ல நினைப்பவர்கள், "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம். சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் மூலம் சென்றுவந்த எங்களுக்கு நேர்ந்ததைப் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

என் மகளுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளாத பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்வதில்லை. முன்பதிவு செய்தபோதே மருத்துவரின் சான்றிதழைக் கொடுத்தோம். "அலர்ஜி உள்ளவங்க நிறைய பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கோம் மேடம், எல்லா ரெஸ்டாரன்ட்டுக்கும் முன்னாடியே மெயில் போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள், சிறப்பு உணவு ஏற்பாட்டுக்கென்று தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

இத்தகைய சுற்றுலாக்களில் இரவு உணவு பெரும்பாலும் இந்திய உணவகத்தில்தான். குழம்பு கெட்டியாக இருப்பதற்கு முந்திரியை அரைத்து ஊற்றும் அந்தச் சமையலறையே முந்திரி ஆகாதவர்களுக்கு ஐரோப்பாவில் மிக ஆபத்தான இடம் என்பது என் கருத்து. பாரிஸில் எங்களுக்கு வந்த புலாவின் மேல் வறுத்த முந்திரி தூவியிருந்தது. சுட்டிக்காட்டியதும், உடன் வந்த சுற்றுலா மேலாளர் ஒரு தேக்கரண்டியை எடுத்து முந்திரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அதே தட்டை என் மகளிடம் நீட்டினார். நாங்கள் மறுத்த பிறகு சப்பாத்தியும் பனீர் குழம்பும் வந்தன. குழம்பில் முந்திரி அரைத்திருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்வந்து, "கேட்டுட்டேன் மேடம், வெறும் தக்காளியும் க்ரீமும்தான்" என்றார். அவர் யாரிடமும் கேட்கவே இல்லை என்பதைச் சமையல்காரர் பின்னர் சொன்னார்.

சில வாய் சாப்பிடுவதற்குள் தொண்டை அரிப்பதாகச் சொன்னாள். உதடு தடித்தது, விடாத இருமல், பிறகு வாந்தி. மேலாளர் செட்ரிசின் மாத்திரையை எடுத்து நீட்டி, பேருந்துக்கு நேரமாகிறது என்றார். அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்குமே தவிர, தொண்டை வீங்குவதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ நிறுத்தாது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் மட்டுமே. கையோடு வைத்திருந்த அட்ரினலின் பேனாவை (பேனா வடிவிலான ஊசி) உடைக்கு மேலாகவே தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்திவிட்டு, ஐரோப்பாவின் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இன்னொரு டோஸ் கொடுத்தார்கள். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பக்கூடும் என்பதால் இரவு முழுவதும் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், நிலக்கடலை, எள் உள்ளிட்ட 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தந்தாக வேண்டும். பிரான்சில் 2015 முதல் அது எழுத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் ஹோட்டலுக்கு அருகிலிருந்த சிறிய கிரெப் (மெல்லிய தோசை போன்ற பிரெஞ்சுப் பண்டம்) கடையில்கூடக் கேட்டவுடன் அந்தத் தகவல் அடங்கிய பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். இந்திய உணவகத்தில் அப்படி ஒன்றே இல்லை. மறுநாள் அங்கு போன என் கணவரிடம், சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சலை உரிமையாளர் காட்டினார். அதில் சைவம், அசைவம், ஜெயின் என்று ஆள் எண்ணிக்கை மட்டுமே இருந்தது; ஒவ்வாமை என்ற பேச்சே இல்லை. நாங்கள் தனியாகக் கட்டிய பணம் எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பேருந்து எங்களை விட்டுவிட்டு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டது. சொந்தச் செலவில் அங்குள்ள பாசல் நகரம் வரை ரயிலில் சென்று குழுவுடன் சேர்ந்துகொண்டோம். திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது, உணவு ஒவ்வாமைக்குப் பயணியே பொறுப்பு என்று விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள்.

ஆகவே, கடைசித் தவணையைக் கட்டும் முன், ஒவ்வோர் உணவகத்துக்கும் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் அங்கிருந்து வந்த பதிலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்தப் பயணமே வேண்டாம். அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, இரண்டாவது பேனா ஒன்றும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் பேருந்தில் விட்டுச் செல்லக் கூடாது. பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஒவ்வாமையைக் குறிப்பிட்டிருந்ததால்தான் எங்கள் மருத்துவமனைச் செலவு திரும்பக் கிடைத்தது.

இதேபோல் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாருக்கு அதுவும் பாரிஸில் எடுத்த மின்னஞ்சலின் படமும்தான் முக்கிய ஆதாரங்கள். புகாரைத் திரும்பப் பெற்றால் அடுத்த சுற்றுலாவில் தள்ளுபடி தருவதாக நிறுவனம் சொன்னது, நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.