பாங்காக் அரண்மனை வாசல் டுக்டுக்: ஒரு ஸ்டார் கொடுப்பதே அதிகம்

கிராண்ட் பேலஸ் அரண்மனை மதில் ஓரமாக 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று நிற்கும் டுக்டுக்கை, அதாவது நம்ம ஊர் ஆட்டோ மாதிரியான மூன்று சக்கர வண்டியைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ. பாங்காக் டுக்டுக் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹோட்டலுக்குப் பேரம் பேசிப் போனது நன்றாகவே இருந்தது.

இங்கே நடப்பதே வேறு. வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே டிப்டாப்பாக உடுத்திய ஒருவர், எந்த ஊர், எத்தனை நாள் என்று அன்பாக ஆரம்பிப்பார். அப்புறம், அரண்மனையில் பூஜை நடக்கிறது, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள் என்பார். மேப்பில் பேனாவால் வட்டம் போட்டு நாலைந்து இடம் காட்டுவார். அரசாங்க டுக்டுக், மொத்தமே 20 பாட்தான் என்று அவர் சொல்லி முடிக்கும்போது வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஒரு ஆளுக்கே சுமார் 16 பாட் ஆகிற ஊரில், மூன்று பேரை 20 பாட்டுக்கு ஒருவர் சுற்றிக் காட்டுகிறார் என்றால் மிச்சத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

முதலில் கூட்டிப்போன சின்னக் கோவில் உண்மையிலேயே அழகு. அடுத்தது தையல் கடை. வாங்க வேண்டாம், பத்து நிமிஷம் உள்ளே இருந்தால் போதும், வண்டிக்கு காஸ் போட எனக்குக் கடையில் கூப்பன் கிடைக்கும் என்று டிரைவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார் (இந்த நேர்மைக்கு வேண்டுமானால் அரை ஸ்டார்). மூன்றாவது ரத்தினக் கடை. நீலக்கல்லைத் தட்டில் கொட்டி, வரிச்சலுகை இன்றோடு முடிகிறது, ஊரில் கொண்டுபோய் விற்றால் இரட்டிப்பு விலை என்றார்கள். எங்கள் அத்தை கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தா இவங்களே வாங்கிப்பாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். அதற்கு மட்டும் அவர்களுக்கு இங்கிலீஷ் புரியவில்லை.

வெறுங்கையோடு வெளியே வந்ததும் டிரைவர் முகம் மாறிவிட்டது. அரண்மனைக்குத் திரும்ப மாட்டேன், 600 பாட் கொடு என்று நடுரோட்டில் கத்தல். அத்தைக்கு முழங்கால் வலி, வெயில் வேறு மண்டையைப் பிளந்தது, 200 கொடுத்து அனுப்பினோம். பிறகு பிடித்த டாக்சிக்காரர் மீட்டர் ரிப்பேர் என்றார். இறங்கி அடுத்ததைப் பிடித்தோம், அவர் எதுவும் பேசாமல் மீட்டரை 35 பாட் ஆரம்பக் கட்டணத்தில் ஓடவிட்டார்.

வந்து பார்த்தால் அரண்மனை திறந்துதான் இருந்தது, காலையிலிருந்தே. டிக்கெட் மாலை 3.30 வரைதான், ஆளுக்கு 500 பாட், அரக்கப்பரக்க ஓடிப்போய்ப் பார்த்தோம்.

போகிறவர்கள் சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், அல்லது படகில் வந்து தா சாங் துறையில் இறங்குங்கள். மூடியிருக்கிறது என்று தெருவில் யார் சொன்னாலும் டிக்கெட் கவுன்ட்டர் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். வண்டியில் தகராறு வந்தால் டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, இங்கிலீஷில் பேசலாம், டயல் செய்வதற்கு முன்னால் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.