குன்னூர் பக்கம் சாய்தளம் போட ஆள் தேடுபவர்களுக்கு

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் முன்னாள் ராணுவத்தினர் வீடுகள் நிறைய இருக்கின்றன. நடக்க முடியாதவருக்காக வீட்டை மாற்றிக் கட்டப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1988-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன இடத்தில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். புனேயில் பொருத்திய செயற்கைக் காலோடு முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினார். இப்போது கால் உரசி உரசிப் புண்ணாகிறது. அதனால் வீல்சேர்.

வீல்சேர் ஏற வாசலில் சாய்தளம் போடவும் பாத்ரூமை மாற்றவும் வந்த கான்ட்ராக்டர் வாசலில் நின்றபடியே "வீர மதராஸி, அடி கொல்லு!" என்று ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைக் குரல் கொடுத்தார். அவர் சித்தப்பாவும் ரெஜிமென்ட்தானாம். அப்பா அதிலேயே உருகிவிட்டார். "நம்ம பையன்மா, கணக்குப் பார்க்காதே" என்றார். மொத்தம் 1,80,000 ரூபாய் பேசி, 1,20,000 கையில் கொடுத்தோம். பில் இல்லை. "அரசாங்கத்திலிருந்து இந்தப் பணத்தைத் திருப்பி வாங்கித் தருகிறேன்" என்று தனியாக 8,000 ரூபாயும், டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர் நகல்களும் வாங்கிக்கொண்டு போனார். ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அப்பா பெயரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை.

எங்கள் திண்ணை தரையிலிருந்து இரண்டு அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. அப்படியானால் எங்களுக்கு இருபத்து நான்கு அடி. அவர் போட்டது எட்டே அடி! அதன் மேல் பளபளவென்று டைல்ஸ். நவம்பர் மாதம், காலை மூடுபனி, டைல்ஸ் முழுக்க ஈரம். நான் பின்னால் பிடித்திருந்தும் வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. அப்பா சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரப்பரில் ஒட்டியிருந்தது.

பாத்ரூம் கதையும் இதேதான். வீல்சேர் அகலம் இருபத்தைந்து அங்குலம், கதவு வழி இருபத்து நான்கு. குறைந்தது மூன்றடி விட்டிருக்க வேண்டும். அதனால் வெளியே வண்டியை நிறுத்தி, உள்ளே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் அப்பா எழுந்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கம்பியைப் பழைய மண்சாந்துச் சுவரில் சின்ன பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கியிருந்தார்கள். பத்தாம் நாள் பூச்சோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கால் இல்லாதவருக்குக் கைதானே கால்! அதுவும் போனால் அவர் எதை ஊன்றி எழுவார்?

போன் செய்தால் "வர்றேன் மேடம்" என்றார். அப்புறம் எடுப்பதே இல்லை.

வேலைக்கு ஆள் வந்தால் முதலில் டேப்பை எடுக்கிறாரா என்று பாருங்கள். உயரத்தை அளக்காமல் விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். மலையில் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது என்பார்கள். நடுவில் ஐந்தடி சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். மேலே சொரசொரப்பான சிமென்ட் போதும், மழைக்காலத்தில் பாசியைத் தேய்த்துவிட்டால் போகும். கம்பியைப் போட்டதும் உங்கள் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். ராணுவ ஆவண நகல்களை எந்த இடைத்தரகரிடமும் கொடுக்காதீர்கள், நல அலுவலகத்துக்கு நேரிலேயே போங்கள்.

பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.

நேற்று கேத்தியிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். டேப்பின் ஒரு முனையை அப்பாவே இடது கையால் பிடித்துக்கொண்டார். "இருபத்து நாலு இருக்கா, சரியாப் பாருப்பா" என்று இரண்டு தடவை கேட்டார்.