லிச்செஸ்: சரிக்குச் சமமாக ஒரு ஆள்

செஸ் ருசிக்க வேண்டுமென்றால் நம் பலத்துக்கு ஒத்த ஆள் எதிரே உட்கார வேண்டும். அக்கம்பக்கத்தில் அப்படி அமைவது அபூர்வம். ஒன்று, பத்து நகர்த்தலுக்குள் ராணியைப் பறிகொடுப்பவர் வருவார். இல்லையென்றால் நம்மைப் பிழிந்தெடுக்கும் டோர்னமென்ட் ஆட்டக்காரர். இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிச்செஸ் எனக்குப் பிடித்துப்போனது இந்தக் குறையைத் தீர்த்ததால்தான்.

புதிதாகச் சேருகிறவருக்கு 1500 ரேட்டிங் (ஆட்டபலத்தைக் காட்டும் எண்), பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. முதல் சில ஆட்டங்களில் ரேட்டிங் தடாலடியாக ஏறி இறங்கும். நம் நிலை பிடிபட்டதும் கேள்விக்குறி போய்விடும். பிறகு 15+10 என்ற கட்டத்தைத் தொட்டால் போதும், நம் ரேட்டிங்கை ஒட்டியே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல்.

போன வாரம் பிரேசில்காரர் ஒருவர் வந்தார். இருவருக்கும் 3 புள்ளிதான் வித்தியாசம். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை மிஞ்சியது. வெள்ளைக் காய்களில் ஆடிய அவருக்குக் கூடவே ஒரு சிப்பாய். என் ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்க, யானையை (அவர் பக்கமிருந்து எண்ணினால்) 6ஆம் வரிசையிலேயே இப்படியும் அப்படியும் ஓட்டினேன். அவர் ராஜாவால் மேலே ஏற முடியவில்லை. வேறு வழியின்றி சிப்பாயை 6ஆம் வரிசைக்குத் தள்ளினார். உடனே யானையை 1ஆம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் மேல் செக். முன்னே போய்விட்ட சிப்பாய் இனி அவர் ராஜாவுக்கு மறைப்பாக இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சு செஸ் மேதை காட்டிக் கொடுத்த தற்காப்பு இது. ஆட்டம் டிராவில் முடிந்தது. அந்த 10 விநாடி இல்லாவிட்டால் எனக்கு நேரம் தீர்ந்திருக்கும்.

டிரா என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 2018 லண்டன் உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிராதான். அதில் எத்தனை ரத்தக்கொதிப்பு!

லிச்செஸில் ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளின் அலசல் இலவசம். விளம்பரமும் கிடையாது. 2010இல் திபோ துப்ளெஸி என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இன்றும் நன்கொடையில்தான் ஓடுகிறது. நானும் கொடுக்கிறேன், மனசாரக் கொடுக்கிறேன்.

ஒன்று கவனிக்க வேண்டும்: இங்கே வரும் ரேட்டிங் பொதுவாக உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதை வைத்து டோர்னமென்ட்டில் உங்கள் இடத்தைக் கணக்குப் போடாதீர்கள். புதியவர்கள் 1 நிமிட ஆட்டத்தைத் தொடவே வேண்டாம், 15+10இல் தொடங்குங்கள்.