எஃப்ஓபி என்று கண்ணை மூடிக்கொண்டு போடாத ஃபார்வர்டர்

திருப்பூரிலிருந்து டி-சர்ட் ஏற்றுமதி செய்கிறேன். முன்பு பார்த்துக்கொண்டிருந்த ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்ட்) எல்லா ஆர்டருக்கும் எஃப்ஓபி (விற்பவர் கப்பலில் ஏற்றித் தரும் விற்பனை நிபந்தனை) என்றே போட்டுவிடுவார். ஒரு தடவை தூத்துக்குடி யார்டில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த கன்டெய்னருக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழ் வரிசை அட்டைப்பெட்டிகள் தொட்டாலே பிய்ந்து வந்தன. எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும் வரை ரிஸ்க் விற்பவருடையது. நஷ்டம் முழுக்க என் தலையில்தான் விழுந்தது.

இப்போதுள்ள ஃபார்வர்டர் ஆபீசில் முதல் நாளே என் ஆர்டரை வரி வரியாகப் படித்தார்கள். "கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ கேளுங்க சார். கேரியர்கிட்ட, அதாவது சரக்கைக் கொண்டுபோற கம்பெனிகிட்ட, ஒப்படைச்சதும் உங்க ரிஸ்க் முடிஞ்சுது" என்றார் டாக்குமென்ட் பார்க்கும் பெண்.

சரி, எல்சிக்கு (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) ஆன்போர்டு பில் (சரக்கு கப்பலில் ஏறியதற்கான சான்று) கேட்பார்களே என்றேன். வாங்குபவர் தன் கேரியரிடம் சொல்லி அதை நமக்குத் தரவைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள இன்கோடெர்ம்ஸ் 2020 (இந்த நிபந்தனைகளுக்கான சர்வதேச விதிகள்) இடம் தருகிறது என்று பக்கத்தைத் திறந்தே காட்டினார். அப்புறம், சிஐஎஃப் (விற்பவரே கப்பல் கூலியும் காப்பீடும் கட்டும் நிபந்தனை) ஆர்டருக்கு விதி கேட்பது குறைந்தபட்சக் காப்பீடுதான், அதில் திருட்டு சேராது, வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள் என்றார். இந்த அக்கறைக்காகவே இவர்களை விடமாட்டேன்.

கட்டணம் கொஞ்சம் கூடுதல். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனை எடுப்பதில்லை, அதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.