இருபது நாள் லீவு, நாலு மாத ஊர்

2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் இறங்கினேன். முந்தின நாள்தான் தமிழ்நாட்டின் முதல் கொரோனா கேஸ் செய்தியில் வந்திருந்தது. ஓமனில் இருந்து காஞ்சிபுரம் வந்தவர். நான் துபாயில் இருந்து வந்தவன். நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டினார்கள், ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். கார் டிரைவர் மட்டும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, "ஏசி வேணாம்ணே, காத்து நல்லாத்தான வருது" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பரமக்குடி தாண்டித்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில், பெரியபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில். வீட்டில் இருந்து கடல் பத்து நிமிட நடை. 28ஆம் தேதி திரும்ப டிக்கெட். வெளிநாட்டில் பிழைக்கும் எல்லா சபராளியையும் போல நானும் ஒரு பட்டியலோடு வந்திருந்தேன்: வாப்பா பெயரில் இருக்கும் பட்டாவை உம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், உம்மாவின் வங்கிக் கணக்குக்குப் புது பாஸ்புக் வாங்க வேண்டும், மதுரையில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கீழக்கரை தொதல் என்ற இனிப்பு வாங்க வேண்டும். தொதல் முதல் நாளே கிடைத்துவிட்டது. வங்கிக்குப் போனால் சர்வர் இல்லை. மறுநாள் சர்வர் இருந்தது, அந்த மேசைக்காரர் இல்லை. பட்டா விஷயத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அந்த அடுத்த வாரம் நாடே மூடப்போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேலை நடக்காத நாட்களில் நான் நடந்தேன். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேரே கடற்கரை. வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று தொடங்காத நேரம் அது. கடல் கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அப்பா தீவும் முள்ளித் தீவும் எங்கள் பக்கத்தில் இருப்பவை. வெளிச்சம் தெளிந்த காலைகளில் தூரத்தில் பச்சைக் கோடு இழுத்தது போல ஒரு தீவு தெரியும். கரையில் எனக்கு முன்பே ஊற்றுக்கு வந்த பெண்கள் இருப்பார்கள். மணலில் இடுப்பளவு தோண்டிய குழி. அதற்குள் இறங்கி உட்கார்ந்து சிரட்டையால் ஒரு அள்ளு, இன்னொரு அள்ளு, அப்புறம் தண்ணீர் ஊறும் வரை சும்மா பேச்சு. கடலுக்கு முப்பது அடி தள்ளி நல்ல தண்ணீர் ஊறுவதை சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன், இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. வீட்டுக் கிணறு உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றும்போது வரும். அதனால் எங்கள் ஜில்லாவில் தள்ளுவண்டி இல்லாத தெருவே கிடையாது. இரும்புச் சட்டத்தில் குடம் குடமாகச் செருகி, முழங்காலளவு சக்கரம் வைத்த வண்டி. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஐஸ் வண்டி என்று நினைப்பார்கள்.

சாயங்காலம் நிலப் பக்கம், திருப்புல்லாணி ரோட்டில். குண்டு மிளகாய் பறித்துக் களத்தில் காயப்போடும் பருவம். களம் போதாமல் ரோட்டோரத்திலும் சிவப்பாகப் பரப்பி வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் போன நேரம் ஒருவர் பலகையால் கிளறிவிட, நெடி மூக்கில் ஏறி வரிசையாக நாலு தும்மல். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரும் மிளகாய்க் களத்தில் தும்மியவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "காக்கா எங்கேர்ந்து வந்திருக்காக?" என்று ஒருவர் விசாரித்தார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். துபாய் என்று சொல்ல வாய் வரவில்லை. மதுரை என்றேன். பொய்யும் இல்லை.

அந்த வாரம் யாருக்குப் போன் போட்டாலும் மணிக்குப் பதிலாக முதலில் ஒரு இருமல் கேட்டது. அரசு வைத்த எச்சரிக்கை. உம்மா லாத்தா (அக்கா) வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, "யாரோ இருமுறாக, பாவம், அப்புறம் பேசுவோம்" என்று மூன்று தடவை வைத்துவிட்டார். கோழிக்கறியில் கொரோனா இருக்கிறது என்று வதந்தி வேறு. கோழிக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் தினமும் பிரியாணி.

11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. எனக்கு அது எங்கோ நடக்கும் செய்தியாகத்தான் இருந்தது. 19ஆம் தேதி பகலில், வெளியே போயிருக்கும் விசாக்காரர்கள் இப்போதைக்குத் திரும்பி வர முடியாது என்று அமீரகம் கதவைச் சாத்திய பிறகுதான் வயிற்றில் புளி கரைத்தது. மனைவியும் பிள்ளைகளும் அங்கே, நான் இங்கே. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டால் இசை மட்டும் ஒலித்தது. கடைசியில் ஒரு மெயில்: பணம் திருப்பித் தர மாட்டோம், உங்கள் பெயரில் வரவு வைத்திருக்கிறோம், பிற்பாடு பறந்துகொள்ளுங்கள். எந்தப் பிற்பாடு என்று எழுதவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே மட்டமானது இதுதான்.

22ஆம் தேதி ஞாயிறு ஊரடங்கு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கைதட்டல். 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மாநிலத்தில் 144, அன்று நள்ளிரவில் இருந்து நாடு முழுக்க அடைப்பு. ராமேஸ்வரம் ரயில் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இல்லை. வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்ளுங்கள் என்று பள்ளிவாசல் மைக்கில் மோதினார் சொல்லும்போது அவர் குரல் இடறியது.

அதற்குள் என் விவரம் கலெக்டர் ஆபீஸ் பட்டியல் வழியாக ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. கிராம சுகாதார செவிலியர், கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர், ஒரு போலீஸ்காரர், மூன்று பேர். கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வந்த நாளில் இருந்து 28 நாள் கண்காணிப்பு, அதாவது ஏப்ரல் 5 வரை. நான் பதினைந்து நாளாக ஊரெல்லாம் சுற்றிய கதையைச் சொன்னேன். செவிலியர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கடற்கரைக்குத்தானேண்ணே போனீங்க? நல்ல காத்து. இனிமே மாடியில நடங்க" என்றார். மாடி நீளவாக்கில் 22 எட்டு. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. முதல் இரண்டு வாரம் நான் தேடிப் போன இடங்களில் எல்லாம் வேலை நடக்கவில்லை. கதவில் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு, நான் எங்கும் போக முடியாதபோது, வேலைகள் தாமாக வாசலுக்கு வந்தன. அந்தச் செவிலியர் தினமும் ஸ்கூட்டியில் வந்து, தெருவிலேயே நின்று, "காய்ச்சல், இருமல், சளி?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். ஒருநாள்கூடத் தவறவில்லை. உம்மாவின் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்டிருந்தது ஊர் டெய்லர் தைத்த துணி மாஸ்க். மாஸ்க் 8 ரூபாய், 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று டெல்லி உத்தரவு போட்டிருந்தது. எங்கள் பக்கத்து மெடிக்கலில் எந்த விலைக்குமே இல்லை.

தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுப் பையன். ஸ்டிக்கர் வீட்டுக் குடத்தைத் தொடக் கூடாது என்று அவன் உம்மா சொல்லியிருந்தார். சொன்னது தப்பும் இல்லை. அதனால் நான் எங்கள் குடத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். அவன் வண்டியில் இருந்து தன் குடத்தைத் தூக்கி, தோளுயரத்தில் இருந்து, இரண்டு குடத்தின் வாயும் ஒட்டாமல் ஊற்றுவான். முதல் நாள் பாதித் தண்ணீர் தரையில். மூன்றாம் நாள் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, டீக்கடை மாஸ்டர் தோற்றார். காசைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைப்பேன். அவன் அதைக் கழுவி எடுத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் சட்டைப் பையில் போடுவான்.

மீன்காரம்மா கொஞ்ச நாள் வரவில்லை. அப்புறம் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரமாகப் போய் வரத் தொடங்கியதும் வந்தார். கூடையில் கணவாயும் நண்டும். இரண்டும் சாதாரணமாக எங்கள் தெருவுக்கு வராது, கரையிலேயே ஏற்றுமதி வியாபாரி எடை போட்டுக்கொள்வார். இப்போது கம்பெனி வண்டி வரவில்லை. "சீமைக்குப் போறத நீங்க தின்னுங்க லாத்தா" என்று உம்மாவிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட விலையில் ஐஸ் காசுகூடத் தேறியிருக்காது. உம்மா பேரம் பேசவில்லை. உம்மா மீனுக்குப் பேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டில்லியில் தப்லீக் ஜமாஅத் கூட்டத்தில் தொற்று பரவிய செய்தி வந்து, டிவியில் நோய்க்கு ஒரு மதத்தின் பெயரை வைத்துப் பேசிய நாட்களும் அவைதான். பால்காரர் திருப்புல்லாணிப் பக்கத்துக் கோனார். வழக்கம் போல நாலரை மணிக்குப் பால் ஊற்றிவிட்டுப் போனார். டிவியை நான் அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும். நாளும் நேரமும் போட்ட டோக்கன் வீட்டுக்கே வந்தது. லாத்தா மகன் போய் வாங்கி வந்தான். சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஆளுக்குப் பதில் செருப்புகள் நின்றனவாம், ஆட்கள் எல்லாம் வேப்ப மர நிழலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்களாம்.

கையில் பணம் தீர்ந்தபோது தபால்காரர் வந்தார். வங்கி ஆறு கிலோமீட்டர், பஸ் இல்லை. தபால் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் மூலம் ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கில் இருந்தும் பணம் எடுத்துத் தரலாம் என்றார். ஒரு செல்போன், கைரேகை வைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. உம்மாவின் கட்டைவிரல் பதியவில்லை. ஆள்காட்டி விரலும் பதியவில்லை. ஐம்பது வருடம் அம்மியும் அடுப்பும் தேய்த்த விரல்கள். "அம்மா, விரல முந்தானையில நல்லா தொடச்சிட்டு, லேசா வைங்க, அமுக்காதீங்க" என்றார். வலது கை, இடது கை என்று ஒவ்வொன்றாக முயன்று, இடது மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், தபால்காரர் "அப்பாடா" என்றார். பத்தாயிரம் ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, பாஸ்புக் வேண்டுமா என்று கேட்டார். பாஸ்புக்குக்காக நான் இரண்டு நாள் அலைந்ததைச் சொன்னேன். "அது அவங்க பேங்க்லதாண்ணே வாங்கணும்" என்று சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

ஏப்ரல் 6, சுபுஹுக்குப் பிறகு முதல் வேலையாகக் கடற்கரைக்கு நடந்தேன். ரோட்டில் ஒரு தடுப்பு, ஒரு போலீஸ்காரர். ஸ்டிக்கர் ஒட்ட வந்தவரேதான். "நாள் முடிஞ்சிருச்சா?" என்றார். முடிந்தது என்றேன். "சரி, காலாற நடந்துட்டு சீக்கிரம் வந்துருங்க, ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு." ஊற்றில் இரண்டே பெண்கள், இரண்டு குழி. பேச்சு மட்டும் முன்னைப் போலவே, கொஞ்சம் சத்தமாக.

25ஆம் தேதி நோன்பு பிடித்தது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை, கஞ்சிக்கென்று அரசு தரும் பச்சரிசியை வீடுவீடாகப் பங்கிட்டார்கள். வீட்டில் காய்ச்சிய கஞ்சிக்கு அந்த அண்டாக் கஞ்சியின் ருசி வரவில்லை, இதில் உம்மாவுக்கு என்மேல் வருத்தம். பிள்ளைகளுக்கு வாங்கிய தொதலை நோன்பு திறக்கும்போது நாங்களே தின்று தீர்த்தோம். மே மாதம் மனைவி வீடியோ காலில் அது எங்கே என்று கேட்டாள், லைன் சரியில்லாதது போல நடித்தேன்.

ஜூலை 12 முதல் 26 வரை அமீரகம் தன் விசாக்காரர்களைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. அனுமதிக் கடிதம், பிசிஆர் டெஸ்ட், திருச்சி போக ஈ-பாஸ். ஈ-பாஸ் மூன்றாவது தடவைதான் கிடைத்தது. முதல் இரண்டு தடவை நிராகரித்ததற்குக் காரணம் போடவில்லை. பட்டா இன்னும் வாப்பா பெயரில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். காகிதம் எப்போதோ போய்விட்டது. பசை மட்டும் சதுரமாகப் பிடித்துக்கொண்டு, தூசி படிந்து கறுத்துக் கிடந்தது. பெயின்ட் வாங்கி அடித்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். "கிடக்கட்டும் வாப்பா, நேரமாச்சு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடிச்சுக்கிறேன்" என்றார் உம்மா.