ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் ஒரு ப்ரீஆம்ப்

பழுது பார்க்கப் போன ப்ரீஆம்ப் (சிடி பிளேயர் மாதிரி கருவிகளுக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மூன்று வாரம் கழித்து நேற்று முன்தினம் வீடு திரும்பியது. அன்றைக்கே நண்பன் ஒருவன், "சாலிட் ஸ்டேட் ப்ரீஆம்ப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன், உன்னோடது எப்படிடா?" என்று கேட்டு வைத்தான். ஏழு வருடமாக ஒரே பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு வரியில் பதில் வரவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

எந்த நிறுவனம், எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போகிற விஷயம் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பாதி ப்ரீஆம்ப்களுக்கு உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். இந்தப் பெட்டி அமைதியானது. பாட்டு ஓடாதபோது ட்வீட்டரில் (ஸ்பீக்கரில் கீச்சொலிகளைத் தரும் பகுதி) காதை வைத்தால்தான் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும், ஒரு அடி விலகினால் அதுவும் இல்லை. சாலிட் ஸ்டேட், அதாவது வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரும் சில்லும் வைத்தது என்பதால் வால்வு மாற்றுகிற வேலை கிடையாது, சூடு கிடையாது. கம்பி எவ்வளவு நீளமானாலும் முனகாமல் ஓட்டும். அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, 100 ஓம்தான், எதிரே பவர் ஆம்ப்பின் இன்புட் 47 கிலோ ஓம். பத்து மடங்கு இருந்தால் போதும் என்பார்கள், இங்கே 470 மடங்கு. ஒலியில் தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. நல்ல பதிவு நன்றாகவும் மோசமான பதிவு மோசமாகவும் கேட்கிறது, வேறென்ன வேண்டும்?

மூடியைத் திறந்து பார்த்த ஒரு நண்பர், "என்ன, உள்ளே சாதாரண என்ஈ5532 சில்லுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார். சிக்னலைப் பெருக்கும் சில்லு அது, ஸ்டுடியோ மிக்ஸிங் மேசைகளில் பல காலமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த குடும்பம். அவர் உருகி உருகிக் கேட்கும் பாட்டுகளில் பாதி, தட்டுக்கு வருவதற்கு முன்பே இது போன்ற பல சில்லுகளைக் கடந்துதான் வந்திருக்கும். நம் வீட்டில் இன்னும் இரண்டைக் கடந்தால் கற்பு போய்விடாது.

சரி, இப்போது குமிழுக்கு வருவோம்.

வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்தால் அதன் கோடு ஏழு மணியைக் காட்டும், முழுக்கக் கூட்டினால் ஐந்து மணியை. நடுவில் பத்து மணி நேரத்துக்கான இடம் இருக்கிறது. அதில் நான் முதல் இரண்டு வருடம் புழங்கியது ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். ஒன்பதைத் தாண்டினால் வீட்டில் யாராவது அறைக்கதவைச் சாத்துவார்கள். ஒரு பரிசோதனையைத் தவிர பதினொன்றைத் தாண்டியதே இல்லை. இராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கேட்பது சரியாக ஏழரையில். ஏழரை என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கிற பொருள் அத்தனையும் அந்த இடத்துக்குப் பொருந்தும்.

ஏனென்றால் அந்த இடத்தில் பாடகி இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் ஸ்பீக்கர் வைத்த விதம் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டையும் இடம் மாற்றினேன், அப்போதும் இடதுதான். காது மேல் சந்தேகம் வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், குரல் வலதுக்குப் போயிற்று. ஆக, காதில் கோளாறு இல்லை. கடைசியில் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டேன். இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. மோனோவில் இரண்டு பக்கத்துக்கும் போவது ஒரே சிக்னல், எல்லாம் ஊசி முனை போல நடுவில் நிற்க வேண்டும். என் வீட்டில் தம்பூரா, வயலின், மிருதங்கம், குரல் எல்லாமே கூட்டமாக இடது பக்கம் ஒதுங்கி நின்றன. குமிழைப் பன்னிரண்டு மணிக்குத் திருப்பி, சத்தத்தை மூலக் கருவியில் குறைத்தேன். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

மல்டிமீட்டரை எடுத்து 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு அளந்தேன். குமிழ் ஏழரையைத் தாண்டியதும் இடது 44 மில்லிவோல்ட், வலது 34. வித்தியாசம் இரண்டு டெசிபெலுக்கு (சத்தத்தின் அளவுகோல்) கொஞ்சம் மேல். நடுவில் நிற்கும் குரலை நகர்த்த ஒரு டெசிபெலே போதும்.

காரணம் எளிது. வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒரே தண்டில் இரண்டு கரித்தடங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நம் காது சத்தத்தை மடக்கை விகிதத்தில் கேட்பதால் தடத்தின் தடையும் அப்படி வளைந்து ஏற வேண்டும். தடையளவு வேறுவேறான கரித் துண்டுகளை ஒட்டவைத்துத்தான் அந்த வளைவைக் கொண்டுவருகிறார்கள். மேலே போகப் போக இரண்டு தடமும் ஒத்துப்போகும். தொடக்கத்தில், துளியூண்டு தடை இருக்கும் இடத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தாது. நல்ல தரமான கன்ட்ரோலுக்கும் இது உண்டு, அளவுதான் குறையும்.

இதில் எனக்குக் கோபமில்லை. என்னை அந்த மூலைக்குத் தள்ளியதே கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு), கோபம் அதன் மேல்தான். கணக்கைப் பாருங்கள். இன்றைய சிடி பிளேயரோ டிஏசியோ (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் கருவி) தருவது 2 வோல்ட். என் பவர் ஆம்ப்பின் கெயின் 26 டெசிபெல், அதாவது 20 மடங்கு. 8 ஓமில் அதன் முழு 100 வாட்டையும் கறக்க 1.4 வோல்ட் போதும். ப்ரீஆம்ப்புக்கு வருவதற்கு முன்பே சிக்னல் தேவைக்கு மேல் இருக்கிறது. அதற்கு மேலும் இந்தப் புண்ணியவான் 12 டெசிபெல் கெயின் போட்டு நாலு மடங்காக்குகிறான். 2 வோல்ட் 8 வோல்ட் ஆகிறது. இராத்திரியில் நான் கேட்பதற்கு, உச்ச சத்தத்தில்கூட, பவர் ஆம்ப்புக்கு வேண்டியது சுமார் 45 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட 180-இல் ஒரு பங்காக அடக்க வேண்டும். குமிழ் ஏழரையில் போய் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சிடி 1982-இல் வருவதற்கு முன்னால் டியூனரும் டேப் டெக்கும் சில நூறு மில்லிவோல்ட்தான் கொடுத்தன. அப்போது கெயினுக்கு நியாயம் இருந்தது. என்னுடையது அதற்கெல்லாம் எத்தனையோ வருடம் கழித்து வரையப்பட்டது. கெயினைக் குறைக்க உள்ளே ஒரு ஜம்பர் (மாற்றிச் செருகும் சின்ன இணைப்பு), பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச், ஏதாவது ஒன்று வைத்திருக்கலாம்.

சரி, சாய்கிறதே, பேலன்ஸைத் திருகி நேராக்கலாமே என்பீர்கள். பேலன்ஸ் குமிழ் இல்லை. 'சுத்தமான சிக்னல் பாதை' என்று டோன் கன்ட்ரோலோடு சேர்த்து அதையும் தூக்கிவிட்டார்கள். பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952-இல் கொடுத்த டோன் சர்க்யூட் எத்தனை கோடிப் பெட்டிகளில் ஓடியது! அதே மனிதர் பிறகு, பெருக்கும் சர்க்யூட்டின் கெயினையே கூட்டிக் குறைக்கும் ஆக்டிவ் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றும் கொடுத்தார். அதில் தடை சீராக ஏறும் சாதாரண லீனியர் கன்ட்ரோலைப் போட்டாலே இரண்டு பக்கமும் நன்றாக ஒத்துப்போகும், தேவைக்கு மேல் கெயினும் வராது. அதையாவது போட்டிருக்கலாம். இந்தச் சாய்வைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன். நிர்ணயித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதைதான் இன்னும் உறுத்துகிறது.

ரிமோட் வேறு. மோட்டார் வைத்துக் குமிழையே திருப்புகிற ரகம். பார்க்க அழகு, பேய் திருப்புவது போல. ஆனால் ஏழரையில் ஒரு தட்டு தட்டினால் கிசுகிசு பேச்சாகிறது, இன்னொரு தட்டில் கூப்பாடாகிறது.

இரண்டாம் வருடம் நானே வழி கண்டுபிடித்தேன். இடது, வலது கம்பி ஒவ்வொன்றிலும் பவர் ஆம்ப் முனையில் உள்ள ஆர்சிஏ பிளக்குக்குள் இரண்டு ரெசிஸ்டர்: சிக்னல் வழியில் 6.8 கிலோ ஓம், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம். 47 கிலோ ஓம் இன்புட்டோடு சேர்ந்து சுமார் 10 டெசிபெல் குறையும். ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் இருப்பதால் அதன் இரைச்சலும் சேர்ந்து குறைந்தது, அந்த மெல்லிய 'ஸ்ஸ்' கூடக் காணாமல் போயிற்று. குமிழ் ஒன்பதரைக்கு வந்தது. பாடகி நடுவுக்கு வந்தார். பொத்தான் அளவு ரெசிஸ்டர் நாலு. அதற்குப் பிறகான ஐந்து வருடமும் இந்தப் பெட்டியை நான் மெச்சாத நாளில்லை.

பழுது என்று சொன்னேனே, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் அவ்வப்போது மெலிந்து, கரகரத்து, சத்தத்தைக் கூட்டினால் பளிச்சென்று திரும்பும். பணிமனையில் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை மாற்றினார்கள், பலனில்லை. அப்புறம் அங்கேயே வேலை செய்யும் சின்னப் பையன் ஒருவன் பெட்டியை ஓடவிட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பாகமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனான். அவுட்புட்டில் இருந்த மியூட் ரிலேயை (ஒலியைத் துண்டித்து இணைக்கும் மின்சார ஸ்விட்ச்) தட்டியதும் வலது பக்கம் உயிர் வந்தது. ரிலேயின் தொடுமுனையில் படலம் படிந்திருக்கிறது. ஆடியோ சிக்னலின் மின்னோட்டம் ரொம்பச் சின்னது, அந்தப் படலத்தை உடைக்கத் தெம்பிருக்காது. சத்தம் கூடும்போதுதான் உடைத்துக்கொண்டு போகும். தங்க முலாம் பூசிய முனை கொண்ட ரிலேயைப் போட்டான். போன வேலை முடிந்தது. "அப்படியே வால்யூம் கன்ட்ரோலையும் பாருப்பா" என்றேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் சார் இருக்கு, இந்த ரகம் அப்படித்தான் வரும்" என்றான். எனக்குத் தெரியாதா?

அந்த மூன்று வாரமும் டிஏசியை நேராகப் பவர் ஆம்ப்பில் செருகி, அதன் டிஜிட்டல் வால்யூமிலேயே கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒலியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குரல் எந்நேரமும் நடுவில். ஏழு வருடம் எதற்காக இந்தப் பெட்டியைக் கட்டி அழுதேன் என்றுகூடத் தோன்றியது. இரண்டாவது வாரம் டிஏசி ஏதோ மென்பொருள் புதுப்பிப்பை முடித்துக்கொண்டு வால்யூமை முழுக்க வைத்துக்கொண்டு எழுந்தது. 1.4 வோல்ட்டில் மூச்சு முட்டுகிற பவர் ஆம்ப்புக்கு 2 வோல்ட். நான் அறையைக் கடந்து ஓடிப்போய்க் கையை நீட்டிய இடத்தில் குமிழ் இல்லை, தூசியில் பெட்டியின் சதுரத் தடம்தான் இருந்தது. ஸ்பீக்கர் பிழைத்தது புண்ணியம்.

அதனால் பெட்டி வந்ததும் ஆசையாகத்தான் மாட்டினேன். ஆனால் மூன்று வாரம் முன்பு அவசரத்தில் கம்பியைப் பிடுங்கியபோது வலது பக்கப் பிளக்குக்குள் சால்டர் விட்டுப்போயிருக்கிறது. 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால் ஒடிந்து தொங்குகிறது. வேறு வழியில்லாமல் சாதாரணக் கம்பியைப் போட்டேன். குமிழ் பழையபடி ஏழரை. பாடகி பழையபடி இடது பக்கம். இரண்டு இராத்திரியாக அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. ஒலி, உழைப்பு, அமைதி எல்லாம் நான் சொன்னபடியே உண்மை, இருந்தாலும் வாங்காதே. உன் பவர் ஆம்ப்புக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று முதலில் பார். கெயின் ஆறு டெசிபெலுக்கு மேல் போகாத, இல்லையென்றால் குறைக்க ஸ்விட்ச் உள்ள ப்ரீஆம்ப்பாகத் தேடு. ரிலேயும் ரெசிஸ்டரும் வைத்துப் படிப்படியாகக் குறைக்கும் ரகமோ, பிஜிஏ2310 மாதிரி அரை டெசிபெல் படிகளில் போகும் சில்லு வைத்த ரகமோ கிடைத்தால் இரண்டு பக்கமும் எந்த இடத்திலும் ஒத்துப்போகும். ரிலே ரகம் திருப்பும்போது டிக் டிக் என்று பல்லி சத்தம் போடும், பழகிவிடும். எடுப்பதற்கு முன் ஒரு மோனோ பதிவைப் போட்டு, மிக மெல்லிய சத்தத்தில் கேட்டுப் பார்.

நீ விற்றுவிட்டாயா என்று கேட்காதே. விற்கவில்லை. சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிறது. டப்பாவைக் கொட்டிக் கிளறியதில் ஒரே ஒரு 6.8 கிலோ ஓம் அகப்பட்டிருக்கிறது, கால் கொஞ்சம் குட்டை.